ராத்திரி பாய் நனைந்தால் என்ன செய்வீர்கள்?

பிள்ளைகளைக் கோடை கேம்புக்கு அனுப்புகிற அம்மாக்கள் என்னென்னவோ கேட்பார்கள். சாப்பாட்டில் காரம் அதிகமா, கிணற்றுக்குச் சுவர் இருக்கிறதா, கொசுவலை கொண்டுவர வேண்டுமா என்று. அந்த வருஷம் நான் தாம்பரத்திலிருந்து கீழ்க்கட்டளை வரைக்கும் கேம்ப் கேம்பாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"ராத்திரி ஒரு பிள்ளை பாயை நனைச்சிட்டா, காலையில நீங்க என்ன செய்வீங்க?"

கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பேன். வாய் திறப்பதற்கு முன்பே பாதிப் பதில் அங்கே தெரிந்துவிடும். இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவைத்தவர் இன்ஸ்பெக்டரம்மா. அதற்காக அவருக்கு நான் செய்த பதில் மரியாதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இன்ஸ்பெக்டரம்மா என்றால் போலீஸ் இல்லை. அவருடைய கணவர் பள்ளிக்கூடங்களைச் சோதனை போட வருகிற இன்ஸ்பெக்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சபையில் பாதிப் பேர் டீச்சர்கள். மீதிப் பேர் டீச்சர்களைக் கட்டிக்கொண்டவர்கள். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். அதனால் அந்த அம்மா சர்ச்சுக்குள் நுழைந்தால் எங்கள் முதுகுகள் எல்லாம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். பாடகர் குழுவுக்கு எந்தப் பாட்டு, கிறிஸ்துமஸ் கேக்கில் எத்தனை முட்டை, யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த வரன், எல்லாம் அவர் சொல்வதுதான். மே மாதத்தில் சபைப் பிள்ளைகளுக்கு முடிச்சூரில் ஒரு தோட்டத்துக் கட்டிடத்தில் பத்து நாள் கேம்ப் நடக்கும். அதையும் அவர்தான் நடத்தினார். அந்தக் கேம்புக்குப் பிள்ளையை அனுப்பவில்லை என்றால் உங்கள் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்று பேச்சு வரும்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரே பெண். நன்றாகப் படிப்பாள், மரம் ஏறுவாள், வாயாடி. தூக்கத்தில் மட்டும் படுக்கையை நனைத்துவிடுவாள். டாக்டர், "வளர வளர சரியாயிடும், திட்டாதீங்க" என்று சொல்லியிருந்தார். நாங்களும் திட்டவில்லை. கேம்புக்கு அனுப்பும்போது மட்டும் எனக்குக் கவலையாக இருந்தது. முதல் நாள் பெட்டியோடு போய் இறங்கியதும் இன்ஸ்பெக்டரம்மாவைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். "படுக்கறதுக்கு முன்னாடியும், நீங்க தூங்கப் போகும்போதும் ஒருதரம் எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா போதும் அக்கா" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கவலையே படாதீங்க டீச்சர். என் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன். இதெல்லாம் நமக்குள்ள" என்றார்.

நமக்குள்ள என்றால் அவர் அகராதியில் முழுச் சபை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் குறையை வாய்விட்டுப் பேசினால் அது புறங்கூறுதல், பாவம். அதையே கண்ணை மூடிக்கொண்டு பேசினால் அது ஜெபக்குறிப்பு. இன்னார் மகன் குடிக்கிறான், அவனுக்காக ஜெபிப்போம். இன்னார் மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், அவளுக்காகவும் ஜெபிப்போம். ஊரில் நடக்கிற எல்லாம் ஜெபக்கூட்டத்தில்தான் எங்களுக்குத் தெரியவரும். நானும் அதுவரை அந்தக் குறிப்புகளைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் வீட்டு விஷயம் ஒருநாள் குறிப்பாகும் என்று நினைக்கவில்லை.

என்ன நடந்தது என்று என் மகள் சொல்லவில்லை. கேம்பில் சமையலுக்கு இருந்த ஆயா சொன்னாள். அவள் எங்கள் தெருவில் கீரை விற்க வருகிறவள்.

"இன்னாம்மா சொல்றது, ஒரு நாளு காலைல உன் பொண்ணு பாயி ஈரமாக் கீது. அன்னிக்கு சாயங்காலம் எல்லாக் கொயந்தைங்களையும் வட்டமா நிக்கவெச்சு, உன் பொண்ண நடுவுல நிறுத்திட்டாங்க. ஆண்டவரே, இந்தப் பொண்ணு பாய்ல ஒண்ணுக்குப் போவுது, இத்த சொஸ்தமாக்குன்னு சத்தமா ஜெபம் பண்றாங்க. கொயந்தைங்க எல்லாம் ஆமென்னு சொல்லுது. சொல்லிக்கினே சிரிக்குது. உன் பொண்ணு அழுவுது, அழுதுகினே கீது. யாருமே இன்னான்னு கேக்கலமா."

"தினமும் செஞ்சாங்களா?"

"முடியிற வரைக்கும் டெய்லி."

அதோடும் விடவில்லை. கேம்ப் முடிந்த வாரம், வியாழக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், நானும் உட்கார்ந்திருக்கும்போதே, என் மகளின் பெயரைச் சொல்லி, அவளுடைய "பலவீனத்தை"ச் சொல்லி ஜெபித்தார். சுற்றி இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. எழுந்து போய் அவர் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆமென் சொன்னதும் டீயும் காராபூந்தியும் வந்தன. என் தட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகள் என் மகள் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அது பரவியது. அவள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். வேலூரில் சித்தி வீட்டுக்கு வர மறுத்தாள். பிறகு பாயில் படுப்பதையும் விட்டுவிட்டாள். வெறும் சிமெண்டுத் தரையில், கதவோரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு படுப்பாள். கெஞ்சினாலும் வரமாட்டாள். "தரைன்னா தொடைச்சிடலாம்மா, வெளிய காயப்போட வேண்டாம்" என்றாள் ஒருநாள். எட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது?

என் கணவர் நல்லவர். நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவது சில சமயம் பெரும் தொல்லை. "விடும்மா, அவங்க நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருப்பாங்க. மன்னிச்சிடு" என்றார். கணவருக்காக எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். இதை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு விஷயம் நடந்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் மகள் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் பயமில்லாமல் தூங்க வேண்டும். அந்த அம்மா பத்துப் பேருக்கு நடுவில் தலை குனிந்து உட்கார வேண்டும். முதலாவது என் மகளுக்காக. இரண்டாவது முழுக்க முழுக்க எனக்காக.

மறுவருஷம் பங்குனி வெயில் ஆரம்பிக்கும்போதே கேம்ப் தேடக் கிளம்பிவிட்டேன். வேறு கேம்ப், வேறு பிள்ளைகள். அவளைத் தெரியாத இடமாக இருக்க வேண்டும்.

பல்லாவரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சி கேம்ப் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கழுத்தில் விசில் மாட்டிய மாஸ்டர், அதிகாலை ஓட்டம், கயிறு ஏறுவது, கூடாரம் கட்டுவது எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்று சொன்னார். என் கேள்வியைக் கேட்டதும் விசிலை வாயில் வைத்து எடுத்தார்.

"அந்த மாதிரிப் பிள்ளைங்கள நாங்க எடுக்கறதில்ல மேடம். டிசிப்ளின் கெட்டுடும்."

"தூக்கத்துல டிசிப்ளின் எங்க சார் இருக்கும்?" என்றேன். பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டேன்.

குரோம்பேட்டையில் ஓர் அம்மா தன் பெரிய வீட்டில் பெண் குழந்தைகளுக்குத் தையல், ஓவியம், பாட்டு என்று பதினைந்து நாள் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வீடு பளபளவென்று இருந்தது. கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மா எழுந்து மெத்தை இருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர்தான் சொன்னார், கீழ்க்கட்டளைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் ஒரு கேம்ப் நடத்துகிறார்கள் என்று. அவர் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டண்ட். சொல்லிவிட்டு, "உங்க ஆளுங்க விடுவாங்களா?" என்று சிரித்தார். விடமாட்டார்கள்தான். எங்கள் சபைக்காரர்களுக்கு இந்துக்களோடு பொங்கல் சாப்பிடுவதில் தயக்கமில்லை; மாதா கோயிலுக்குப் பிள்ளையை அனுப்புவதென்றால் குலையே நடுங்கிவிடும்.

அந்தச் சனிக்கிழமையே பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். அது பஸ் போகிற வழி இல்லை. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் இடத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "கீய்க்கட்டளையா? அங்க இன்னாம்மா கீது? ஏரியும் வயலும்தான். வெயில்ல பேஜாருமா" என்று அலுத்துக்கொண்டே மிதித்தார்.

போய்ச் சேர்ந்தபோது குட்டையாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர் முற்றத்தில் பாய்களை உதறிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் லீவுக்கு ஒரு சின்ன கேம்ப் நடந்துகொண்டிருந்தது. முற்றம் முழுக்கப் பாய்கள், கொடி நிறையப் போர்வைகள். நான் கேள்வியைக் கேட்டேன். அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

"காலையில எழுந்ததும் எல்லாப் பாயையும் வெயில்ல போட்டுருவோம். எல்லாப் போர்வையையும் அலசிருவோம். அதான் இங்க முதல் வேலை. அவங்கவங்க பாய அவங்கவங்க தூக்கிட்டு வரணும்" என்றார்.

"நனைஞ்சது யாரோடதுன்னு..."

"யாருக்கும்மா தெரியும்? எல்லாம்தான் வெயில்ல கிடக்குதே." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "உங்க பிள்ளை தோசை சாப்பிடுமா? இங்க தினம் காலையில கஞ்சிதான். அதைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஒருத்தி இவ்வளவு சுலபமாகச் செய்கிற காரியத்தை இன்னொருத்தி எப்படிச் செய்தாள் என்று நினைக்க நினைக்க, அழுகை போய்ப் பழைய கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

மகளை அழைத்துக்கொண்டு போய் அந்த முற்றத்தைக் காட்டினேன். அவள் நெடுநேரம் பாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாருமா போடணும்?" என்று சிஸ்டரைக் கேட்டாள். "நானும்தான்" என்றார் சிஸ்டர். வீடு வரும் வழியில், "போய்ப் பாக்கறேன்" என்றாள்.

செய்தி சபைக்குள் பரவ இரண்டு நாள் ஆகவில்லை. இன்ஸ்பெக்டரம்மா பட்டுப்புடவையில் என் வீட்டுக்கே வந்தார்.

"என்ன டீச்சர், நம்ம கேம்ப் இருக்கும்போது மாதா கோயிலுக்கா? மண்டி போடவெச்சு ஜெபமாலை உருட்டவெச்சிடுவாங்க. அப்புறம் சார் காதுக்கும் போகும். இன்ஸ்பெக்‌ஷன் வேற வருது, நல்லா இருக்காது."

சார் என்றது அவர் கணவரை. மிரட்டுகிறார் என்று புரிந்தது. எனக்குப் பயம்தான். வேலையை நம்பித்தான் எங்கள் வீடு ஓடியது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"சார் வரட்டும் அக்கா. என் பிள்ளைங்க வாய்ப்பாடு நல்லாச் சொல்லும்" என்றேன். உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. சபையிலிருந்து ஓர் அம்மா, விடிகாலையில் பால் பூத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், உங்ககிட்ட மட்டும் சொல்றேன், எங்க சின்னவனுக்கும்..." என்று இழுத்தார். மறுநாள் ரயில்வே மேம்பாலத்தில் இன்னொருவர், தன் பெண்ணுக்கு இழுப்பு வரும் என்றார். வேறொருவரின் பையன் இருட்டைக் கண்டால் அலறுவானாம். எல்லோருக்கும் வீட்டில் ஏதோ ஒன்று இருந்தது. அது குறிப்பாகிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே வருஷா வருஷம் பிள்ளைகளை முடிச்சூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பிள்ளைகள் யார் யார் என்று இன்றுவரை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

அவர்களிடம் நான் இன்ஸ்பெக்டரம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்கு அவசியமே இல்லை. "அனுப்பறதுக்கு முன்னாடி அந்த அக்காகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு அனுப்புங்க. எங்க பிள்ளைக்கு ராத்திரி இப்படி ஆனா என்ன செய்வீங்கன்னு கேளுங்க. அவ்வளவுதான்" என்றேன்.

ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒருவர், கல்யாண வீட்டில் ஒருவர், காய்கறிக் கடையில் ஒருவர். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட, மற்றவர்கள் கேட்கிறார்களே என்று கேட்டார்கள். அந்த அம்மாவும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "கவலைப்படாதீங்க, எல்லாருமா சேர்ந்து ஜெபிப்போம்." தாம்பரம் சபையில் ஒரு பிள்ளைகூட விடாமல் எல்லாம் பாயை நனைக்கின்றன என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அந்தப் பதிலைக் கேட்ட எந்த அம்மாவும் மறுபடி அவரிடம் போகவில்லை.

மே மாதம் வந்தது. கீழ்க்கட்டளைக்கு எங்கள் சபையிலிருந்து ஒரு கூட்டமே போயிற்று. மகளைத் தெரியாத இடம் வேண்டும் என்று தேடியவள் நான். கடைசியில் தெரிந்த பிள்ளைகளே வந்து நின்றன. மூக்கைப் பிடித்தவர்களில் இரண்டு பேரும் இருந்தார்கள். மகள் அவர்களைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முடிச்சூர்க் கேம்பில் சேர்ந்த பிள்ளைகளை எண்ண ஒரு கை போதும். வாடகைக்கு எடுத்த அண்டாக்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஆயா கீரைக்கட்டோடு செய்தியும் கொண்டுவந்தாள். அன்றைக்குக் கூடுதலாக இரண்டு கட்டு வாங்கினேன்.

பிள்ளைகள் கேம்பில் இருந்த அந்த வாரம், வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் என் முறை, என் வீட்டில். நான் அதற்காகக் கேசரி கிளறினேன். முந்திரி நிறையப் போட்டேன். இன்ஸ்பெக்டரம்மா வந்து வழக்கம்போல ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது, வேதம் வாசித்தாயிற்று. ஜெபக்குறிப்பு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டபோது நான் எழுந்து நின்றேன்.

"ஒரு முக்கியமான குறிப்பு இருக்கு. நானே ஜெபிக்கிறேன். எல்லாரும் கண்ணை மூடுவோம்" என்றேன்.

மூடினார்கள். நான் மூடவில்லை. எதிரில் இருந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்பின் ஆண்டவரே" என்று, அவர் குரலில் எப்போதும் இருக்கிற அதே தேனைக் குழைத்து ஆரம்பித்தேன். "எங்கள் அருமைச் சகோதரி இன்ஸ்பெக்டரம்மாவை உம்முடைய பாதத்தில் வைக்கிறோம். அவர்களுடைய கேம்புக்கு இந்த வருஷம் பிள்ளைகள் போகவில்லை. தாய்மார்கள் அவர்களை நம்பவில்லை, ஆண்டவரே. ஒரு குழந்தையின் ரகசியத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. அது அவர்களுடைய பலவீனம். அந்தப் பலவீனத்தை நீர் சொஸ்தமாக்கும். அவர்களுடைய நாவை அடக்கும். அவர்களால் தாங்களாக அடக்க முடியாதபடியால் உம்மிடம் கேட்கிறோம்."

அவர் கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், இன்னும் கொஞ்சம் ஜெபித்தேன். ஜெபத்தின் நடுவில் எழுந்து போக எங்கள் ஆட்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அவர் முகம் சிவந்தது, பிறகு சாம்பலானது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் முடித்ததும் ஆமென் முதலில் மெதுவாக வந்தது. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த பால் பூத் அம்மா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "ஆமென்!" என்றார். அடுத்து எல்லோரும் சொன்னார்கள். நான் கேசரித் தட்டை என் கையாலேயே இன்ஸ்பெக்டரம்மாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். தொடவில்லை.

அது தப்பு, ஜெபத்தை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று என் கணவர் வருத்தப்பட்டார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அன்று இருந்த நிம்மதி வேறு எந்த ஜெபத்திலும் வந்ததில்லை.

கேம்ப் முடிகிற நாள் மகளைக் கூட்டிவரப் போனேன். வெயிலில் கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு, இரண்டு பெண்களின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தாள். மூக்கைப் பிடித்தவள் அதில் ஒருத்தி. நான் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "நனைச்சாளா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அம்மாவைப் பார்க்கப் போய்விட்டார்.

பல்லாவரத்தில் ரயில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் ஓயாமல் பேசினாள். கஞ்சி, ஏரி, அறையில் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்து ராத்திரியெல்லாம் சிரித்தது. குரோம்பேட்டை தாண்டியதும் கொஞ்சம் ஓய்ந்தாள். அதற்குமேல் என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. குனிந்து அவள் காதில், நம் வீட்டில் எல்லோரையும் கண்ணை மூடவைத்து, இன்ஸ்பெக்டர் ஆன்ட்டிக்காக நான் சத்தமாக ஜெபித்ததையும், என்ன சொல்லி ஜெபித்தேன் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவள் மூச்சுவிடாமல் கேட்டாள். கண் இரண்டும் பெரிதாக விரிந்தன.

"எல்லாரும் ஆமென் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"ஆன்ட்டி அழுதாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. "இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க" என்றேன்.

அவள் திரும்பி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நான் அழுதேன்மா" என்றாள்.

நான் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். தலைமுடியில் ஏரித் தண்ணீர் வாசனை அடித்தது. தாம்பரம் பிளாட்பாரம் வந்துகொண்டிருந்தது.

"அடுத்த வியாழக்கிழமையும் ஜெபக்கூட்டம் இருக்குடா கண்ணு" என்றேன்.